ஒப்படையை எழுதியது பிள்ளையா, சட்ஜிபிடியா? மொழிப்பாட ஆசிரியர் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான். திருகோணமலையில் தமிழ்மொழி மூலப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர் கேட்டிருக்கிறார். ஆள் இல்லாத தவணைகளில் தமிழ்ப் பாடமும் அவர் தலையில்தான். ஒப்படைகளில் பாதிக்கு மேல், கேட்டதை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளான சட்ஜிபிடியோ ஜெமினியோ எழுதியவை போலத் தெரிகின்றன. அதைப் பிடிக்க நல்ல செயலி எது? வகுப்பில் இவற்றை அனுமதிக்கலாமா? அனுமதித்தால் புள்ளி எப்படிப் போடுவது?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. நம்பத்தக்க செயலி எதுவும் கிடையாது. இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் எதையும் வைத்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். சட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படியொரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சொந்தப் பரிசோதனையிலேயே, இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் பெயரில் எழுதிவிட்டது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 40 பேர் இருக்கும் வகுப்பில் எல்லோரும் சொந்தமாக எழுதியிருந்தாலும், 9 சதவீதம் என்றால் மூன்று நான்கு பிள்ளைகளுக்குக் கள்ளப் பட்டம் கிடைக்கும்.

நம் பிள்ளைகளுக்கு நிலைமை அதைவிட மோசம். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்புக் கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு மேற்பட்ட தடவை அவை இயந்திரம் எழுதியவை என்று விடை வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு. காரணம் கருவியின் அடிப்படையிலேயே இருக்கிறது. அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்று அது அளக்கிறது. எதிர்பார்த்த சொற்களே வரிசையாக வந்தால் இயந்திரம் என்கிறது. ஆங்கிலத்தில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சொற்களை வைத்துக்கொண்டு, பாடநூலில் கண்ட வாக்கிய அமைப்பிலேயே எழுதும் பிள்ளையின் எழுத்தும் அப்படித்தானே இருக்கும். தமிழ்க் கட்டுரைகளுக்கு இந்தக் கருவிகளைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அவற்றை வளர்த்ததும் சோதித்ததும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இன்னொரு வழக்கமும் பரவியிருக்கிறது. கட்டுரையைச் சட்ஜிபிடியிலேயே ஒட்டி “இதை எழுதியது நீயா?” என்று கேட்பது. தான் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தது என்ற பதிவேடு எதையும் பார்த்து அது விடை சொல்வதில்லை. கேள்வியின் தொனிக்கு ஏற்ப ஆம் என்றும் சொல்லும், இல்லை என்றும் சொல்லும்.

சந்தேகம் வந்தால் செய்யக்கூடியது கையால் செய்யும் ஒரு சோதனை. பிள்ளை தந்த ஆங்கிலக் கட்டுரையின் நடுவிலிருந்து 100 சொற்களை எடுத்து, ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் அழித்துவிடுங்கள். 20 வெற்றிடம் வரும். பத்து நிமிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். வெற்றிடம் நிரப்பும் இந்த முறை 1953இல் வில்சன் டெய்லர் என்பவர் ஒரு பந்தியின் வாசிப்பு இலகுத்தன்மையை அளக்க உண்டாக்கியது; எழுதியவரைத் தெரிந்துகொள்ளவும் உதவும். சொந்தமாக எழுதிய பிள்ளை அதே சொல்லையோ பொருந்தும் வேறு சொல்லையோ பெரும்பாலான இடங்களில் போட்டுவிடும். எழுதாத பிள்ளை இணைப்புச் சொற்களிலேயே தடுமாறும். தமிழில் ஐந்தாவது சொல்லை எடுத்தால் கடினமாகிவிடும், ஒரே சொல்லில் வேற்றுமையும் காலமும் ஏறி நிற்பதால். ஏழாவது சொல்லை எடுங்கள். அடிச்சொல் சரியாக இருந்தால் சரி என்று கொள்ளுங்கள். சோதனையை வகுப்பு முழுவதற்கும் செய்யுங்கள், ஒருவரை மட்டும் தனியே நிறுத்தாதீர்கள். இதுவும் முடிந்த சாட்சியம் ஆகாது. மனப்பாடம் செய்த பிள்ளை தப்பிவிடும். பேசுவதற்கு ஒரு தொடக்கம் கிடைக்கும், அவ்வளவே.

பிடிப்பது எப்படி என்ற கேள்வியை இதோடு விட்டுவிடலாம். மொழி கற்பித்தலில் இந்தக் கருவி கெடுதல் செய்வதும் உதவி செய்வதும் அது எந்த நேரத்தில் உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது. பிள்ளை எழுதும் முன் வந்தால் பயிற்சியே நடப்பதில்லை: சொல் தேடுவது, வாக்கியத்தை மனதில் கட்டிப் பார்ப்பது, அழிப்பது எல்லாவற்றையும் அது எடுத்துக்கொள்கிறது. பிள்ளை எழுதி முடித்த பின் வந்தால், 40 கொப்பிகளைத் திருத்தும் ஒரு ஆசிரியரால் கொடுக்க முடியாத அளவு பின்னூட்டத்தை அதால் கொடுக்க முடியும். ஆகவே விதி ஒன்றே போதும்: முதல் வரைவு கையெழுத்தில், வகுப்பில், போன் இல்லாமல்.

நடைமுறையில் இரண்டு பாடவேளைகள் போதும். முதல் 40 நிமிடத்தில் ஐந்து நிமிடம் தலைப்பை விளக்குங்கள், 25 நிமிடம் எழுதட்டும், மீதியில் பக்கத்துப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும். அளவு 100 முதல் 120 சொல். சாதாரண தர ஆங்கிலத்தில் கேட்கப்படும் எழுத்து வேலைகளில் ஒன்றின் அளவும் ஏறக்குறைய அதுதான். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தாள்களை அன்றே வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தக் கட்டுரை வந்தாலும் ஒப்பிட இந்த மூல வரைவு கையில் இருக்கும்.

இரண்டாம் பாடவேளைக்கு முன் கருவி உள்ளே வருகிறது. இருப்பது ஆசிரியரின் ஒரு போன் மட்டும் என்றால், 40 தாளையும் அதில் ஏற்ற நினைக்காதீர்கள். ஆறு தாளைத் தெரிவுசெய்து, அவற்றில் வந்த பிழையான வாக்கியங்கள் பத்தைப் பெயர் இல்லாமல் தட்டச்சுச் செய்து, அதே வகைப் பிழைகளுக்கு இருபது புதிய பயிற்சி வாக்கியங்கள் கேளுங்கள். அச்சிட்டோ கரும்பலகையில் எழுதியோ வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம். தட்டச்சுச் செய்யச் சோம்பல்பட்டுக் கையெழுத்துப் படத்தை அப்படியே ஏற்றுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இந்தக் கருவிகள் கையெழுத்தை வாசிக்கும்போதே பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்திவிடும். பிள்ளை விட்ட இறந்தகால விகுதி அங்கே முளைத்திருக்கும். பிழையே இல்லை என்று பாராட்டும் வரும். படம்தான் ஏற்றப்போகிறீர்கள் என்றால், “எழுதியிருக்கிறபடியே, பிழையோடு, வரிவரியாகப் பெயர்த்து எழுது” என்று முதலில் கேட்டு, மூன்று வரியைத் தாளோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

வீட்டில் போன் உள்ள பிள்ளைகள் தாங்களே பயன்படுத்துவதானால், என்ன கேட்க வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். “என் கட்டுரையைத் திருத்து” என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஒரு பிள்ளை, “யெஸ்டர்டே ஐ கோ டு நிலாவெளி பீச் வித் மை அங்கிள்” என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்தச் சொன்னால் பொன்மணல், நீலக்கடல், மறக்க முடியாத மாலை என்று மாமா காணாமல்போகும் அளவுக்கு ஒரு பந்தி வரும். பிள்ளைக்கு அதில் தன் பிழை எது என்று தெரியாது. பின்வருமாறு கேட்கச் சொல்லுங்கள்:

“நான் இலங்கையில் தரம் 10 படிக்கிறேன். என் தாய்மொழி தமிழ். கீழே நான் எழுதிய ஆங்கிலப் பந்தி இருக்கிறது. அதைத் திருத்தி எழுதாதே. சரியான வாக்கியத்தையும் தராதே. மிக முக்கியமான மூன்று வகைப் பிழைகளை மட்டும் தெரிவுசெய். ஒவ்வொன்றுக்கும் வாக்கியத்தின் எண்ணைச் சொல்லி, நானே கண்டுபிடிக்க உதவும் ஒரு கேள்வியைத் தமிழில் கேள். நான் திருத்தி அனுப்பிய பிறகு சரியா பிழையா என்று மட்டும் சொல். ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் மாற்றாதே.”

மேலே உள்ள வாக்கியத்துக்கு இப்போது வரக்கூடிய விடை “1ஆம் வாக்கியத்தில் நேற்று என்று தொடங்குகிறீர்கள், வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது?” என்ற மாதிரி இருக்கும். பிள்ளைக்குத் தேவை அதுதான். மூன்று வகை என்ற எல்லை முக்கியம். எல்லை போடாவிட்டால் 14 பிழையைப் பட்டியல் போட்டுத் தரும்; தரம் 10 பிள்ளை முதல் இரண்டை வாசித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிடும். ஊர்ப் பெயர் பற்றிய கடைசி வரியும் வீணல்ல. கிண்ணியாவைக் கென்யா ஆக்கிவிடும் எழுத்துத்திருத்தம் இன்னும் சாகவில்லை.

இந்தக் கட்டளை சில பரிமாற்றங்கள் வரைதான் தாக்குப்பிடிக்கக்கூடும். உரையாடல் நீள நீள ஆரம்ப நிபந்தனைகளின் பிடி தளர்ந்து, “இதோ திருத்திய வடிவம்” என்று முழுப் பந்தியையும் கொட்டத் தொடங்கும். அப்போது புதிய உரையாடலைத் திறந்து கட்டளையை மறுபடி ஒட்ட வேண்டும். இன்னொன்று புகழ்ச்சி. எதைக் கொடுத்தாலும் “அருமையான முயற்சி” என்று தொடங்கும். தவணைப் பரீட்சையில் 35 எடுக்கும் பிள்ளைக்கு அது தன் நிலைமையைப் பற்றிப் பொய் சொல்வதாகும். பாராட்டு வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூன்றாவது, அது எழுதும் ஆங்கிலம் பிள்ளையின் நிலைக்கு மேலே ஏறிப்போவது. “எளிய ஆங்கிலத்தில்” என்பது அதற்குத் தெளிவில்லாத கட்டளை. ஐரோப்பிய மொழித்தர அளவீட்டில் கீழிருந்து இரண்டாம் படியான ஏ2 என்று சொல்லி, வாக்கியத்துக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம், செயப்பாட்டுவினை வேண்டாம், தரம் 9 பாடநூலில் இல்லாத சொல் ஐந்துக்கு மேல் வேண்டாம் என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். பாடநூலில் என்ன சொல் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த அலகின் சொற்பட்டியலை நீங்கள்தான் ஒட்ட வேண்டும்.

இரண்டாம் பாடவேளையில் பிள்ளைகள் தங்கள் மூல வரைவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வரைவை எழுதட்டும். ஓரத்தில், மாற்றிய மூன்று இடத்துக்கும் ஏன் மாற்றினேன் என்று ஒவ்வொரு வரி, தமிழிலேயே எழுதட்டும். “நேற்று நடந்தது, அதனால் இறந்தகாலம்” என்றால் போதும். இந்த ஓரக் குறிப்பைத்தான் நான் இந்த முறையின் உயிர் என்பேன். இது இல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லாமே வேறு வழியில் பார்த்து எழுதுவதாகிவிடும்.

தமிழ்ப் பாடத்துக்கு வருவோம். இங்கே கருவியின் பலவீனம் வேறு. அது சொல் சொல்லாக வாசிப்பதில்லை. எழுத்துச் சரங்களைத் துண்டுகளாக வெட்டி வாசிக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த வெட்டு ஏறக்குறைய சொல்லளவில் விழும், தமிழுக்குச் சொல்லின் நடுவில் விழும். ஓப்பன்ஏஐ 2024 மேயில் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரே செய்தி ஆங்கிலத்தில் 27 துண்டும் தமிழில் 116 துண்டுமாக இருந்தது. புதிய முறையில் அது 24, 35 என்று குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் எழுத்தளவில் கவனம் வேண்டிய வேலைகளில் பலவீனம் தொடர்கிறது. யாப்பு படிப்பிக்கிறவர்கள் உடனே சோதித்துப் பார்க்கலாம். “அகர முதல எழுத்தெல்லாம்” என்பதற்கு அசை பிரிக்கச் சொல்லுங்கள். அக/ர, முத/ல, எழுத்/தெல்/லாம். நிரைநேர், நிரைநேர், நிரைநேர்நேர். புளிமா, புளிமா, புளிமாங்காய். இது பிரபலமான அடி, வலையில் பல இடத்தில் விடை இருக்கிறது, ஆகவே சரியாக வரலாம். பிறகு நீங்களே இயற்றிய ஒரு அடியைக் கொடுத்துப் பாருங்கள். குற்றெழுத்து இரண்டை நேர் என்றும், மெய்யெழுத்தைத் தனி அசை என்றும் நம்பிக்கையோடு சொல்லக்கூடும். அசை பிரிப்பு, புணர்ச்சி பிரிப்பு, எழுத்தெண்ணிக்கை, இந்த மூன்றையும் அதனிடம் விடாதீர்கள்.

மேற்கோளும் அப்படியே. குறள் கேட்டால் திருக்குறளில் இல்லாத ஒன்றைக் குறளின் தாளத்திலேயே கட்டித் தருவதும், இருக்கும் குறளுக்குத் தவறான எண் போடுவதும் உண்டு. எண்ணைச் சரிபார்க்க எளிய கணக்கு: 133 அதிகாரம், ஒவ்வொன்றிலும் பத்து. 391 முதல் 400 வரை 40ஆம் அதிகாரமான கல்வி. “கல்வி அதிகாரம், குறள் 412” என்று ஒரு கட்டுரையில் வந்தால் அங்கேயே நிறுத்தலாம், 412 கேள்வி அதிகாரத்தில் இருக்கிறது. கணக்கு சரியாக இருந்தாலும் அடியை நூலில் பார்த்தே ஏற்க வேண்டும்.

அதைவிட நம் பிள்ளைகளுக்குப் புள்ளி இழப்பைத் தரக்கூடியது, கருவி எழுதும் தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டு அலுவலகத் தமிழாக இருப்பது. அதற்கு வலையில் கிடைத்த தமிழில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. பரீட்சை, புள்ளி, தவணை, வைத்தியசாலை என்று நாம் எழுதும் இடத்தில் தேர்வு, மதிப்பெண், பருவம், மருத்துவமனை என்று வரும். கட்டுரையில் அது பெரிய குற்றம் இல்லை. கடிதத்தில் குற்றம். மூதூரில் உடைந்த உள்ளூர் வீதி ஒன்றைத் திருத்தித் தரும்படி கடிதம் எழுதச் சொன்னால், “மாண்புமிகு மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு” என்று தொடங்கி, வட்டாட்சியருக்குப் பிரதி போட்டு முடிக்கும். இங்கே அந்தப் பதவிகளே இல்லை. பிரதேச சபைத் தவிசாளருக்கு எழுதிப் பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி போடுவது நம் நடைமுறை. இதையே ஒரு பாடமாக்கலாம். கருவி எழுதிய கடிதத்தை அச்சிட்டுக் கொடுத்து, இந்த நாட்டில் செல்லாத இடங்களை வட்டமிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் மிகவும் உற்சாகமாகச் செய்யக்கூடிய வேலை இது, நிருவாக அறிவும் கூடவே வரும்.

நடையிலும் சில அடையாளங்கள் தெரியும். இரண்டு பெயர்களுக்கு நடுவில் எப்போதும் “மற்றும்”. தேவையில்லாத இடத்தில் “ஒரு”. பந்திக்குப் பந்தி “ஆகும்” என்ற முடிவு. கடைசியில் எல்லோரும் ஒன்றிணைவோம் என்ற அழைப்பு. (நம் ஆசிரியர்களும் இதையெல்லாம் எழுதியே வந்திருக்கிறோம், இயந்திரம் தானாகக் கண்டுபிடித்த குற்றங்கள் இல்லை இவை.) ஆகவே இந்த அடையாளங்களைக் கள்ளனைப் பிடிக்கும் சான்றாகப் பாவிக்காமல், செம்மைப்படுத்தும் பயிற்சிக்குப் பாவியுங்கள். இன்னொரு கவனமும் வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் உரையாடல் எழுதும்போது உம்மா, வாப்பா, காக்கா (அண்ணன்) என்று வீட்டு வழக்கை எழுதுவார்கள். பேச்சை இழுத்துப் பொதுத்தமிழாக்குவது கருவியின் பழக்கம். காக்காவைப் பறவையாக எடுத்துக்கொண்டாலும் வியப்பில்லை. உரையாடலுக்குள் இருப்பதைத் தொடாதே என்று சொல்லி வையுங்கள்.

ஆசிரியருக்கு இந்தக் கருவி உண்மையாகவே நேரம் மிச்சம் பிடித்துத் தருவது வாசிப்புப் பந்திகளில். இதில் செய்யக்கூடாதது, “திருகோணமலை பற்றி ஒரு பந்தி எழுது” என்று கேட்பது. தகவலை அதனிடம் கேட்காமல் நீங்கள் கொடுங்கள். உதாரணமாக: மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, நிலாவெளிக் கரைக்கு அப்பால் உள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவானது. இப்படி ஏழெட்டு வரியைக் கொடுத்து, இதற்கு வெளியே எதையும் சேர்க்காமல் 80, 120, 180 சொற்களில் மூன்று தரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே வகுப்பில் மூன்று நிலைப் பிள்ளைகளுக்கும் ஒரே விடயம் போகும், கலந்துரையாடலில் எல்லோரும் சேரலாம். வந்ததும் எண்களையும் பெயர்களையும் மட்டும் அடிக்கோடிட்டு உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மூன்று நிமிட வேலை. சொற்களின் எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம், 120 கேட்டால் 150 வரக்கூடும்.

அதே பந்திக்குப் பல்தேர்வு வினா கேட்டால் நான்கு கோளாறுகள் திரும்பத் திரும்ப வரும். சரியான விடை மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். சரியான விடைகள் இரண்டாம், மூன்றாம் இடங்களில் குவியும். இரண்டு விடை பொருந்தும். பந்தியை வாசிக்காமலே பொது அறிவால் சொல்லிவிடலாம். முதல் மூன்றையும் கண்ணால் பிடிக்கலாம். நான்காவதைப் பிடிக்க, வேறு வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேருக்குப் பந்தியைக் காட்டாமல் வினாக்களை மட்டும் கொடுங்கள். நான்கு தெரிவில் குருட்டாம்போக்கில் இரண்டு அல்லது மூன்று பேருக்குச் சரிவரும். ஆறு பேருக்கு மேல் சரியாகச் சொன்ன வினாவைத் தூக்கிவிடுங்கள்.

சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்குக் குரல்வழி உரையாடல் நல்ல பயிற்சி, ஆங்கிலத்துக்கும்தான். சந்தையில் விலை கேட்பது, கந்தளாய்க்கு பஸ் கேட்பது, வைத்தியசாலையில் நோய் சொல்வது போன்ற சூழலைக் கொடுத்து ஐந்து நிமிடம் பேசவிடலாம். பேச்சுச் சிங்களம் வேண்டும் என்று சொல்ல மறக்காதீர்கள். எழுத்துச் சிங்களத்தில் வினை எழுவாய்க்கு ஏற்ப மாறும், பேச்சில் மாறாது. சொல்லாவிட்டால் இரண்டும் கலந்து வரும், பஸ் கொண்டக்டர் திகைப்பார். உச்சரிப்பைத் திருத்தும் வேலைக்கு இது ஏற்றதல்ல. பிள்ளை பிழையாகச் சொன்னாலும் என்ன சொல்ல வந்தது என்று ஊகித்துக்கொண்டு உரையாடலைத் தொடர்ந்துவிடும்.

இனிப் புள்ளி. கட்டுரையை இயந்திரத்திடம் கொடுத்துப் புள்ளி வாங்குவதை ஒருபோதும் செய்ய வேண்டாம். இயந்திரப் புள்ளியிடல் புதிதில்லை. 1999இலேயே, முகாமைத்துவப் பட்டமேற்படிப்புக்கு அனுமதி பெற எழுதும் ஜிமாட் பரீட்சையில் ஈ-ரேட்டர் என்ற மென்பொருள் ஒரு மனிதப் பரீட்சகருக்குப் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்தப்பட்டது. அது அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது, அதற்கும் பக்கத்தில் மனிதர் இருந்தார். இன்றைய உரையாடல் கருவிகள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஒரே கட்டுரையை மூன்று புதிய உரையாடல்களில் கொடுத்து 15க்குப் புள்ளி கேளுங்கள். 9, 11, 12 என்று வேறுபட்டு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நீளமானதற்குக் கூடக் கொடுக்கும். வழவழப்பானதற்குக் கூடக் கொடுக்கும், அதாவது தன்னைப்போல எழுதியதற்கு. மிக மோசமானதற்கும் மிகக் குறைவாகப் போட மனம் வராது. நீங்கள் போட்ட புள்ளிக்கு இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமானால், இரண்டு ஆசிரியர்கள் ஏற்கெனவே ஒத்த புள்ளி போட்ட ஐந்து தாளை மாதிரியாகக் கொடுத்து, ஆறாவதை எந்த மாதிரிக்கு அருகில் வைப்பாய், ஏன் என்று கேளுங்கள். எண்ணைவிடக் காரணம் பயன்படும்.

வகுப்பு ஒப்படைக்கு 20 புள்ளி என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். வகுப்பில் எழுதிய மூல வரைவுக்கு 6. ஓரக் குறிப்போடு கூடிய மாற்றங்களுக்கு 6. வாய்மொழி விளக்கத்துக்கு 5. முடிந்த பிரதிக்கு 3. இயந்திரம் எழுதிக் கொடுக்கக்கூடியது அந்தக் கடைசி மூன்றைத்தான், அதற்காக யாரும் பெரிதாகப் பாடுபட மாட்டார்கள். வாய்மொழிக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம். 40 பிள்ளைக்கு 80 நிமிடம், இரண்டு பாடவேளை போய்விடும். ஆகவே வாரம் எட்டுப் பேராக ஐந்து வாரத்துக்குப் பிரியுங்கள், மற்றவர்கள் எழுதும்போது மேசைக்கு அழைத்து முடிக்கலாம். கேள்வி மூன்று போதும்: இந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறு என்ன போடலாம்? இந்த வரியை ஏன் மாற்றினாய்? இதை உன் அம்மாவுக்குச் சொல்வதானால் எப்படிச் சொல்வாய்? மூன்றாவதைத் தமிழில் கேட்டாலே, விடயம் விளங்கி எழுதினதா என்று தெரிந்துவிடும்.

அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு மிச்சம் இருப்பது வயதும் தரவும். யுனெஸ்கோ 2023 செப்டெம்பரில் வெளியிட்ட வழிகாட்டல் வகுப்பறையில் இவற்றைப் பாவிக்கக் குறைந்தது 13 வயதைப் பரிந்துரைக்கிறது. சட்ஜிபிடியின் நிபந்தனைகளும் 13க்குக் கீழே அனுமதிப்பதில்லை, 18க்குக் கீழே பெற்றோரின் சம்மதம் கேட்கின்றன. தரம் 10 பிள்ளைகள் 14, 15 வயதுக்காரர். பெற்றோர் கூட்டத்தில் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வையுங்கள். பெயர், சுட்டெண், பாடசாலைப் பெயர், வீட்டு விவரம் எதையும் ஏற்ற வேண்டாம். “என் குடும்பம்” என்ற தலைப்பில் பிள்ளைகள் எழுதுவதில் பிறர் பார்க்கக்கூடாதவை நிறைய இருக்கும். அந்தத் தலைப்புத் தாள்கள் போனுக்குள் போகவே வேண்டாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். கருவியின் அமைப்புகளில், உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் தெரிவை அணைத்துவிடுங்கள்.

டேட்டா பற்றி அதிகம் கவலை வேண்டாம், எழுத்து மட்டும் என்றால் செலவு மிகக் குறைவு. படமும் குரலும்தான் இழுக்கும். இலவசக் கணக்குகளில் ஒரு அளவுக்கு மேல் போனால் நடுவில் நின்றுவிடும், அதனால் வகுப்பில் நேரலையாகக் காட்ட நினைக்காமல் முந்திய இரவே எடுத்து அச்சிட்டு வாருங்கள்.

தனியார் வகுப்புகளில் கருவி எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளை அச்சடித்துக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லும் பழக்கமும் உண்டு. பரீட்சை மண்டபத்தில் போன் இல்லை. தலைப்பு சற்று மாறினாலும் பாடமாக்கிய கட்டுரை பொருந்தாது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வழி, தலைப்பில் நிபந்தனை சேர்ப்பது. “கடற்கரைச் சுத்தம்” என்று கொடுக்காமல், “உப்புவெளிக் கரையில் மீன்பிடி வலைத் துண்டுகள் ஒதுங்குவது பற்றிப் பிரதேச சபைக்கு ஒரு அறிவித்தல் வரைவு, 50 சொல், இரண்டு கோரிக்கை, ஒன்று உடனே செய்யக்கூடியது” என்று கொடுங்கள். பாடமாக்கியது இதற்குள் நுழையாது. அடுத்த ஒப்படையை இந்த மாதிரித் தலைப்போடு, முதல் வரைவை வகுப்பில் வாங்கித் தொடங்குங்கள். ஓரக் குறிப்பு எழுதப் பழக ஒரு தவணை பிடிக்கும், முதல் இரண்டு தடவையும் “ஆசிரியர் சொன்னார், அதனால் மாற்றினேன்” என்றுதான் எழுதுவார்கள்.